அடிமுறையும் வெள்ளித்திரையும்: நெய்யாற்றின்கரை எல்லையின் ஒரு கலை வரலாறு

தென் திருவிதாங்கூரின் தற்காப்புக் கலை அடிமுறை. நெய்யாற்றின்கரை, செங்கல், பாறசாலை தொடங்கி களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவில் வரை அதன் தாயகம் நீள்கிறது. இன்று இந்த நிலப்பகுதியின் குறுக்கே கேரள – தமிழ்நாட்டு எல்லை ஓடுகிறது. எல்லைக்கு வடக்கே இதைத் தெக்கன் களரி என்கிறார்கள்; தெற்கே அடிமுறை, வர்ம அடி, வர்மக்கலை என்று பல பெயர்கள். மலையாளத்தின் முதல் திரைப்படத்தை எடுத்தவர் இந்த மண்ணின் சண்டைக் கலையில் தேர்ந்தவர். அதை மக்களிடம் கொண்டுசேர்க்கவே சினிமாவை நாடியவர். ஆனாலும் ஒரு பெரிய நட்சத்திரத்தின் படத்தில் அடிமுறை தன் சொந்தப் பெயரோடு கதையின் மையத்துக்கு வர ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிடித்தன. வந்தபோதும் பார்வையாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வந்த தற்காப்புக் கலைப் படங்களுக்கும், சாகச நாயகர் படங்களுக்கும் இப்படித்தான் நேர்ந்தது. இந்தக் கருத்து வேற்றுமைக்கு வேர் கலையின் அமைப்பிலும் அது கடந்துவந்த வரலாற்றிலும் இருக்கிறது.

கலையின் அமைப்பு

களரிப்பயிற்று என்றதும் பலர் மனத்தில் எழுவது மலபாரின் வடக்கன் முறை. அங்கே நிலத்தைத் தோண்டி, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாகக் குழிக்களரி அமைப்பது வழக்கம். கற்பிப்பவர் குருக்கள்; ஆதிகுரு பரசுராமர். தெற்கே கற்பிப்பவர் ஆசான், ஆதிகுரு அகத்தியர். தோண்டிய களரி கட்டாயமில்லை. தென்னந்தோப்பும் வீட்டு முற்றமும் போதும். வடக்கில் மெய்யை வளைத்துத் தாழ்ந்து நிற்கும் நிலைகளும் உயரத் தாவும் பாய்ச்சலும் கண்ணைக் கவரும். தெற்கில் கால் மாற்றமும் வெறுங்கை அடியும் தடையுமே அடிப்படை.

பயிற்சி ஒற்றைச்சுவடில் தொடங்கும். விளக்கை வணங்கிவிட்டு மாணவர் தனியாக நின்று ஓர் அடியும் ஒரு தடையுமாகத் திசை மாறி மாறிக் காலை வைக்க வேண்டும். கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை ஆசான் முதலில் பார்ப்பதில்லை. முன்வைத்த காலில் எடை எப்போது ஏறியது, திரும்பும்போது குதிகால் எங்கே நின்றது என்பதில்தான் அவர் கண் இருக்கும். சுவடு கலைந்தால் அடி எவ்வளவு பலமாக விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அதன்பின் கூட்டச்சுவடு, இருவர் மோதிப் பழகும் சோடி, குறுந்தடி, நெடுவடி, கத்தி, வாளும் பரிசையும் என்று பாடம் நகரும்.

இறுதிப் பாடம் வர்மம். உடலில் 108 வர்மங்கள் என்பது மரபு. அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. உச்சந்தலையில் உள்ளது கொண்டைக்கொல்லி. விலாப்புறத்தில் உள்ளது அடப்பக்காலம். வர்மத்தில் அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறை தெரியாதவருக்கு அடிக்கும் முறையைச் சொல்லித்தருவதில்லை. ஆகவே ஆசான் சண்டைக்காரர் மட்டுமல்ல, வைத்தியரும் கூட. எலும்பு முறிவு, சுளுக்கு, நரம்புப் பிடிப்பு என்று ஊரார் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். வடக்கன் களரியின் சிகிச்சை ஆயுர்வேதத்தோடு நெருங்கியது. தெற்கில் அது சித்த மருத்துவம். வர்ம பீரங்கி, வர்மக் கண்ணாடி போன்ற ஏடுகள் தமிழ்ப் பாட்டில் அமைந்தவை. இந்த ஏடுகள் ஆசானின் பெட்டியை விட்டு எளிதில் வெளியே வந்ததில்லை. பல ஆண்டுகள் உடனிருந்து, குணம் தெரிந்த மாணவருக்கு மட்டுமே வர்மம் கைமாறியது. மறைத்துக் காப்பதே இந்தக் கலையின் ஒழுக்கமாக இருந்தது.

படையிலிருந்து வைத்தியத்துக்கு

இந்தக் கலை முன்பு படைவீரர்களின் கையில் இருந்தது. திருவிதாங்கூரின் முன்னோடி அரசான வேணாட்டுக்கும் மதுரை நாயக்கர் படைக்கும் 17ஆம் நூற்றாண்டில் நடந்த கணியாகுளம் போரில் வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை விழுந்த கதையை இப்பகுதியினர் வில்லுப்பாட்டாகப் பாடிவந்தனர். தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் அமைந்த இத்தகைய பாடல்களே தெக்கன் பாட்டுகள். 1729இல் ஆட்சிக்கு வந்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, அதற்கு முன் தம்மை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமாரிடமிருந்து தப்பி நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது ஊர் மரபு. அந்த அம்மச்சிப் பிலாவின் எச்சம் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அவருக்குத் துணைநின்ற களரி ஆசான்களின் கதைகளும் வாய்மொழியில் வழங்குகின்றன.

1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுப் படை தோற்றது. அங்கே பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். துப்பாக்கி வரிசைகள் பெருகப் பெருக, வாளும் பரிசையும் பின்வாங்கின. 1809இல் ஆங்கிலேயரை எதிர்த்த வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டதும் நாயர் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. படையில் இடமிழந்த கலை, கிராமத்தில் வைத்தியமாகவும் சிலம்பமாகவும் ஒதுங்கி வாழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சோற்றுக்கு வழியாக நம்பியிருந்த ஆசான்கள் பெரும்பாலும் வர்மாணிகளாகவே, அதாவது வர்ம வைத்தியர்களாகவே, அறியப்பட்டனர்.

ஜே.சி. டேனியல்

இந்தப் பின்னணியிலிருந்து வந்தவர் ஜே.சி. டேனியல். தென் திருவிதாங்கூரின் நாடார் கிறிஸ்தவக் குடும்பத்தவர். பிறந்த ஊர் அகஸ்தீஸ்வரம் என்றும் நெய்யாற்றின்கரை என்றும் இருவகைப் பதிவுகள் உண்டு. வாள்வீச்சு பற்றி 1915இலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நாட்டின் சண்டைக் கலைகளைப் பரப்ப மேடையைவிடத் திரையே வலிமையானது என்று கருதி, சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று படத்தொழிலைக் கவனித்தார். குடும்ப நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டுடியோவை நிறுவினார்.

அங்கே உருவான 'விகதகுமாரன்' ஊமைப்படம். வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது. அக்காலப் படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகளை நாடியபோது, இது இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றிய சமூகக் கதை. டேனியலே நாயகனாக நடித்தார்.

திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் முதல் காட்சி கலவரத்தில் முடிந்தது. காரணம் சண்டையோ கதையோ அல்ல. தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததை ஆதிக்கச் சாதியினர் பொறுக்கவில்லை. நாயகியின் கூந்தலிலிருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில் கல் பறந்தது, திரை கிழிந்தது என்று அந்நிகழ்ச்சி விவரிக்கப்படுகிறது. பின்னர் ரோசி ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. டேனியல் கடனில் மூழ்கினார். அந்த நிலையிலும் 1931இல் சண்டைக் கலை பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதன்பின் திரையுலகில் நிலைக்க முடியாமல் பல் மருத்துவராக வாழ்ந்து 1975இல் மறைந்தார். மலையாளத் திரைக்கு வாழ்நாள் பங்களித்தோருக்கு அவர் பெயரில் கேரள அரசு விருது வழங்கத் தொடங்கியது 1992இல். 2013இல் மலையாள இயக்குநர் கமல் எடுத்த 'செல்லுலாயிட்' அவர் வாழ்க்கையைச் சொன்னது.

எல்லை பிரித்த பெயர்கள்

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறின. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்தும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே ஆசான் மரபின் மாணவர்கள் களியக்காவிளைச் சாவடிக்கு இருபுறமும் ஆயினர்.

கேரளத்தில் 1958இல் களரிப்பயிற்றுச் சங்கம் அமைந்தபின், தெக்கன் முறை களரியின் ஒரு கிளையாக வகைப்படுத்தப்பட்டது. ஆனால் பொதுமக்கள் பார்வையில் களரியின் முகமாக வடக்கன் முறையே நின்றது. 1920களிலிருந்து கோட்டக்கல் கணாரன் குருக்கள், சி.வி. நாராயணன் நாயர் போன்றோர் வளர்த்த மறுமலர்ச்சி ஒரு காரணம். சினிமா இன்னொரு காரணம். 'உண்ணியார்ச்ச' (1961), 'தச்சோளி ஒதேனன்' (1964), 'ஆரோமலுண்ணி' (1972), 'தச்சோளி அம்பு' (1978), 'ஒரு வடக்கன் வீரகாதா' (1989) என்று வரிசையாக வந்தவை அனைத்தும் மலபாரின் கதைப்பாடல்களான வடக்கன் பாட்டுகளின் வீரர்களைப் பற்றியவை. இரவிக்குட்டிப் பிள்ளைக்குத் திரையில் அப்படியொரு வரிசை வாய்க்கவில்லை. களரிச் சண்டை என்றால் தாவிப் பாய்வதும் வாள் பொறி பறப்பதும் என்ற எதிர்பார்ப்பு பாறசாலைப் பார்வையாளருக்கும் ஊறிவிட்டது.

தமிழகப் பக்கம் வேறு கதை. 1973இல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்துக்குப் பின் புரூஸ் லீ பைத்தியம் பரவி, ஊருக்கு ஊர் கராத்தே வகுப்புகள் முளைத்தன. இளைஞர்கள் பச்சை, பழுப்பு, கறுப்பு பெல்ட்டுகளின் பின்னால் போனார்கள். தேர்வும் சான்றிதழும் இல்லாத ஆசான் முற்றம் வெறிச்சோடியது.

திரையில் வர்மம்

தமிழ்த் திரையில் வர்மத்தைப் பெருங்கூட்டத்துக்கு அறிமுகம் செய்தது ஷங்கரின் 'இந்தியன்' (1996). கிழவர் சேனாபதி இரு விரலால் எதிரியை முடக்கியதை அரங்குகள் கொண்டாடின. வர்மம் என்ற சொல் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. விரலால் தொட்டால் ஆள் விழுவான் என்ற நம்பிக்கையும் கூடவே பரவியது. 2011 தீபாவளிக்கு வந்த ஏ.ஆர். முருகதாஸின் '7ஆம் அறிவு' போதிதர்மரையும் நோக்கு வர்மத்தையும் முன்வைத்தது. சீனாவில் நடக்கும் தொடக்கப் பகுதியை மெச்சியவர்களே, பார்வையால் கூட்டத்தை ஆட்டிவைக்கும் வில்லனை நம்ப முடியவில்லை என்றனர். பழம்பெருமை பேசியது சிலருக்குப் புல்லரித்தது. சிலருக்குப் பிரசாரமாகப் பட்டது.

2012 ஆகஸ்ட் 31 அன்று வெளியான மிஷ்கினின் 'முகமூடி' சூப்பர்ஹீரோ படமாகவே விளம்பரம் பெற்றது. ஜீவா நடித்த நாயகனுக்கு அமானுஷ்ய சக்தி ஏதுமில்லை. குங்ஃபூ மாணவன் முகமூடி அணிகிறான், அவ்வளவுதான். குருகுலக் காட்சிகளும் முற்பாதிச் சண்டைகளும் பாராட்டுப் பெற்றன. பிற்பாதி தொய்ந்தது என்றும், முகமூடியும் அங்கியும் தமிழ்த் தெருவில் ஒட்டவில்லை என்றும் குறை எழுந்தது. சாகச நாயகனுக்கு வேண்டிய தொன்மம் ஒன்று பின்னால் இல்லாததே அப்படத்தின் பெரிய இடைவெளி.

2020 பொங்கலுக்கு வந்த 'பட்டாஸ்' அந்த இடைவெளியை அடிமுறையால் நிரப்பப் பார்த்தது. துரை செந்தில்குமார் இயக்கத்தில் தனுஷ் தந்தை, மகன் என்று இரு வேடம் ஏற்றார். தந்தை திரவியப் பெருமாள் அடிமுறை வீரர். சில்லறைத் திருடனாக வளரும் மகன், வெளிநாட்டுச் சண்டை முறைகளைக் கற்பிக்கும் வில்லனைத் தந்தையின் கலையால் எதிர்கொள்கிறான். சிநேகா ஏற்ற பாத்திரத்தின் பெயரே கன்னியாகுமரி. குமரிப் பகுதியினருக்குத் தங்கள் ஊர்க் கலை பெயர்சொல்லித் திரையில் வந்தது என்ற மகிழ்ச்சி ஒருபக்கம். பின்கதையும் சிநேகாவின் சண்டையும் பாராட்டப்பட்டன. முற்பாதி நகைச்சுவை இழுவை, முடிவு முன்பே தெரிந்தது, கலை பழிவாங்கும் கதைக்கு ஊறுகாய் ஆகிவிட்டது என்ற விமர்சனங்கள் மறுபக்கம்.

2024இல் வந்த 'இந்தியன் 2' இருபத்தெட்டு ஆண்டுகளில் பார்வையாளர் எவ்வளவு மாறிவிட்டார்கள் என்பதைக் காட்டியது. வர்மத்தால் மனிதர்களை விசித்திரமாக நடந்துகொள்ள வைக்கும் காட்சிகள் கேலிக்கு உள்ளாயின. மறு ஆண்டு, 2025 ஆகஸ்ட் 28 அன்று வந்த மலையாளப் படம் 'லோகா: சாப்டர் 1 – சந்திரா' எதிர்த்திசையில் சென்றது. டொமினிக் அருண் இயக்கிய இதில் கல்யாணி பிரியதர்ஷனின் நாயகி கள்ளியங்காட்டு நீலி. வில்லுப்பாட்டிலும் பேய்க்கதைகளிலும் தென் திருவிதாங்கூர் மக்கள் தலைமுறைகளாக அறிந்த அந்த யட்சி, ஊரைக் காக்கும் சூப்பர்ஹீரோ ஆனாள். மலையாளத்தின் மிகப்பெரிய வசூல் வெற்றிகளில் ஒன்றாக அது அமைந்தது. பாராட்டு பெரிது, ஆனால் அடுத்தடுத்த பாகங்களுக்கு வழிவிடுவதிலேயே பிற்பாதி கரைந்தது என்ற குறையும் இருந்தது.

கருத்து பிரியும் இடங்கள்

இப்படங்களின் வரவேற்பை ஒப்பிட்டால் கருத்து மூன்று இடங்களில் பிரிவது தெரியும். முதலாவது, கலை பற்றிய முன்னறிவு. ஒற்றைச்சுவடு பழகியவர் நடிகரின் காலைப் பார்க்கிறார். மற்றவர் அடி வாங்கியவன் எவ்வளவு தூரம் பறந்து விழுகிறான் என்று பார்க்கிறார். கயிறு கட்டி எடுத்த சண்டையில் பின்னவருக்குக் கிடைக்கும் கிளர்ச்சியே முன்னவருக்கு ஏமாற்றம். இரண்டாவது, பெருமிதம். தம் மண்ணின் கலை என்ற உரிமை உணர்வு படத்தின் குறைகளை மன்னிக்கவும் வைக்கும், அதே கலை மலினப்பட்டதாகத் தோன்றினால் கடுமையாகத் தாக்கவும் வைக்கும். மூன்றாவது, கதை. நீலிபோல ஏற்கெனவே மக்களிடம் வாழும் தொன்மத்தில் காலூன்றிய நாயகியைப் பார்வையாளர் எளிதில் ஏற்றனர்; இரவல் அங்கி அணிந்த நாயகன் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

இவற்றுக்கு அடியில் கலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அடிமுறையின் திறமை சிறிய அசைவில் இருக்கிறது: அரையடி நகர்ந்து அடியைத் தவறவிடுவது, தடுத்த கையாலேயே திருப்பி அடிப்பது. கேமராவுக்கு அது போதாது. வர்மமோ மறைத்துவைக்கப்பட்டதால் திரைக்கதையாளருக்கு வெற்றிடமாகக் கிடைத்தது. அதை மாயத்தால் நிரப்புவது எளிதாக இருந்தது. ஆசான் மரபில் வர்ம அறிவு இளக்குமுறையோடு பிணைந்தது. அடித்தவனே மீட்க வேண்டும் என்ற அந்தப் பாதியைத் திரை பெரும்பாலும் விட்டுவிட்டது.

ஆயினும் படங்கள் வெளிவந்த பின் இக்கலையின் பெயர் வெளியூர்களில் தெரியவந்தது. அரசு அங்கீகாரமும் மெல்லப் பெருகியது: களரிப்பயிற்று கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் இடம்பெற்றது, தமிழ்நாட்டில் சிலம்பம் அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தது. இரண்டும் போட்டிக்கான விதிகளுக்கும் மதிப்பெண்ணுக்கும் உட்பட்டவை. சுவடு, வைத்தியம், ஏடு மூன்றையும் ஒன்றாகக் கைமாற்றும் பழைய முறை எல்லைக்கு இருபுறமும் இன்னும் ஆசான்களின் கையில்தான் இருக்கிறது.