கூலன்ட் இழப்பு (டீசல் மோட்டார்ஹோம்)

மூடிய குளிர்விப்புச் சுற்றில் ஓடும் கூலன்ட், கசிவாலோ எரிவறைக்குள் புகுவதாலோ குறைந்துபோகும் பழுது. எத்திலீன் கிளைக்காலும் நீரும் சமமாகக் கலந்த கூலன்ட் ஏறத்தாழ –37° செ. வரை உறையாது, ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் அதன் கொதிநிலையை உயர்த்துகிறது. எத்திலீன் கிளைக்கால் 1920களில் உறைதடுப்பியாகப் பரவியது.

வகைகள்: புறக்கசிவு ரேடியேட்டர், ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப்பின் கசிவுத்துளை ஆகியவற்றில் தோன்றும். எஞ்சின் பின்புறம் அமைந்த மோட்டார்ஹோம்களில் முன்புற ஹீட்டர் வரை நீளும் ஹோஸ்களும் கசிவிடங்களாகும். அகக்கசிவு ஹெட் கேஸ்கட், இஜிஆர் (வெளியேற்ற வாயு மறுசுழற்சி) கூலர், ஆயில் கூலர் ஆகியவற்றின் சிதைவால் நேரும். கூலன்ட் நேரடியாகத் தொடும் ஈரவகை சிலிண்டர் லைனர்களில் அதிர்வால் உண்டாகும் குமிழிகள் உள்நோக்கி நொறுங்கி உலோகத்தை அரிப்பதும் அகக்கசிவுக்குக் காரணமாகும்.

கண்டறிதல்: எஞ்சின் ஆறிய பின்னரே மூடி திறக்கப்படும். கைப்பம்பால் மூடியில் குறித்த அளவு அழுத்தமேற்றி, அது இறங்குகிறதா எனப் பார்ப்பது முதற்சோதனை. புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம் நுண்கசிவைக் காட்டும். இனிப்பு மணமுள்ள வெண்புகை, பால்நிற எஞ்சின் ஆயில், கூலன்ட் தொட்டியில் இடையறாக் குமிழிகள் ஆகியன அகக்கசிவின் அறிகுறிகள். கூலன்ட் தொட்டியின் ஆவியில் எரிப்பு வாயு கலந்திருந்தால், அந்த ஆவி செலுத்தப்படும் சோதனைத் திரவம் நீலத்திலிருந்து பச்சையாக மாறும்.

முக்கியத்துவம்: கவனிக்காவிடில் எஞ்சின் மிகைவெப்பமடைந்து சிலிண்டர் ஹெட் கோணும். கசியும் கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சுடையது.