வெள்ளி வாள் (நாவலும் அதன் திரைப்பட வாய்ப்பும்)

வெள்ளி வாள் ('தி சில்வர் சோர்ட்') என்பது இங்கிலாந்து எழுத்தாளர் இயன் செராலியர் எழுதிய சிறுவர் நாவல். இரண்டாம் உலகப்போரில் பெற்றோரைப் பிரிந்த போலந்துக் குழந்தைகள், இடிந்து கிடக்கும் ஐரோப்பாவின் குறுக்கே வார்சாவிலிருந்து சுவிட்சர்லாந்துவரை அவர்களைத் தேடிப் போவதே கதை. லண்டனில் ஜொனாதன் கேப் பதிப்பகம் இதை 1956-இல் வெளியிட்டது. சி. வால்டர் ஹாட்ஜஸ் படங்கள் வரைந்தார். அமெரிக்காவில் 'எஸ்கேப் ஃப்ரம் வார்சா' என்ற பெயரில் விற்பனையானது. பிரிட்டனில் பல தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே படித்து வளர்ந்த நூல் இது. பி.பி.சி. இதை 1957-இலும் 1971-இலும் தொலைக்காட்சித் தொடராக எடுத்தது. ஆனால் திரையரங்குக்கான முழுநீளப் படமாக இது வந்ததில்லை. இதே வகையைச் சேர்ந்த பல நூல்கள் படமாகிவிட்ட நிலையில், இந்த நாவல் எப்போது படமாகும் என்ற கேள்வி அதை நேசிப்பவர்களிடம் இயல்பாக எழுகிறது.

கதை

வார்சாவில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருக்கும் ஜோசஃப் பாலிக்கி, வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்த ஹிட்லர் படத்தைத் திருப்பி வைத்ததற்காக நாஜிகளால் கைதாகிறார். சிறை முகாமில் காவலாளி ஒருவனை உண்டிவில்லால் அடித்து வீழ்த்தி, அவன் சீருடையை மாட்டிக்கொண்டு தப்புகிறார். பள்ளத்தாக்கின் குறுக்கே சாமான் இழுக்கும் கம்பித்தொட்டியில் தொங்கியபடி மறுகரை சேர்ந்து, மலைக்குடில் ஒன்றில் வாழும் வயதான தம்பதியிடம் அடைக்கலம் கேட்கிறார். ஜெர்மன் சீருடையைக் கண்டு அவர்கள் நடுங்குகிறார்கள். கையில் சூடுபோட்ட முகாம் எண்ணைக் காட்டிய பிறகுதான் நம்புகிறார்கள். தேடிவரும் சிப்பாய்கள் கதவைத் தட்டும்போது ஜோசஃப் அடுப்பின் புகைபோக்கிக்குள் ஏறி ஒளிந்துகொள்கிறார். சந்தேகப்பட்ட சிப்பாய் உள்ளே துப்பாக்கியால் சுட, கரி கொட்டுகிறது, ஆள் பிழைக்கிறார். நாவலின் முதல் சில அத்தியாயங்களிலேயே இவ்வளவும் நடந்துவிடுகிறது. காட்சிக்குப் பஞ்சமான நூல் என்று இதை யாரும் சொல்ல முடியாது.

வார்சாவுக்குத் திரும்பும் ஜோசஃப், தன் வீடு இருந்த இடத்தில் செங்கல் குவியலைத்தான் காண்கிறார். மனைவி மார்கிரித்தை ஜெர்மானியர்கள் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். இடிபாட்டுக்குள் அவர் கையில் ஒரு பொருள் தட்டுப்படுகிறது: மனைவியின் பிறந்தநாளுக்கு அவர் பரிசளித்திருந்த, கடிதம் பிரிக்கும் சிறு வெள்ளிக்கத்தி. வாள் வடிவில் செய்யப்பட்ட அதன் கைப்பிடியில் நெருப்புக் கக்கும் டிராகன் ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். அங்கே திரியும் யான் என்ற அநாதைச் சிறுவனிடம் அதைக் கொடுத்து, தன் பிள்ளைகளை எங்காவது கண்டால் சுவிட்சர்லாந்துக்கு, அவர்கள் தாயின் ஊருக்கு, வரச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு அவர் புறப்படுகிறார்.

பிள்ளைகள் மூவர்: ரூத், எதெக், ப்ரோனியா. தாயைக் கொண்டுபோன வண்டியை நோக்கி எதெக் துப்பாக்கியால் சுட்டுவிட்டதால், அவர்கள் பனி படர்ந்த கூரைகளின் மேல் தவழ்ந்து தப்ப வேண்டியிருந்தது. தாங்கள் வாழ்ந்த வீடு வெடித்துச் சிதறுவதைத் தொலைவிலிருந்து பார்க்கிறார்கள். பிறகு ஒரு நிலவறைதான் வீடு. ரூத் அங்கே தெருப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். ப்ரோனியா கரித்துண்டால் சுவரில் படம் வரைகிறாள். உணவு கடத்திவந்த எதெக் பிடிபட்டு, கட்டாய உழைப்புக்கு அனுப்பப்படுகிறான். போர் ஓயும் தறுவாயில், ஒரு சேவலை அணைத்துக்கொண்டு யான் அந்த நிலவறை வாசலில் மயங்கி விழ, வாளின் வழியாகத் தந்தையின் செய்தி வந்து சேர்கிறது. 1945-இல் தொடங்கும் நடைப்பயணத்தில் காசநோயாளியாக எதெக் மீண்டும் கிடைக்கிறான். பிறகு பெர்லின், பவேரியப் பண்ணை, இரவில் ஆற்றுப் படகுப் பயணம், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரை முகாம், இறுதியில் புயல். தான் உயிராக வளர்த்த நாயா, எதெக்கா என்ற நிலையில் யான் எடுக்கும் முடிவுதான் அந்தக் காட்டுப்பிள்ளையின் முழு மாற்றமும்.

ஆசிரியர்

செராலியர் 1912-இல் லண்டனில் பிறந்தார். கவிஞர், பள்ளி ஆசிரியர். க்வேக்கர் நம்பிக்கை கொண்ட அவர் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். சசெக்ஸ் மாவட்டத்து மிட்ஹர்ஸ்ட் கிராமர் பள்ளியில் கற்பித்துக்கொண்டே இந்த நாவலை எழுதினார். மனைவி ஆனுடன் சேர்ந்து 'நியூ விண்ட்மில்' என்ற பள்ளிப் பதிப்பு வரிசையைத் தொகுத்து, நல்ல புனைகதைகளை மலிவு விலையில் வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்ததும் அவருடைய பெரும் பணி. 1994-இல் மறைந்தார்.

நாவலில் குழந்தைகள் கடைசியில் சென்றடையும் சர்வதேசக் கிராமம் கற்பனையன்று. சுவிட்சர்லாந்தின் அப்பன்செல் பகுதியில், ட்ரோகன் ஊரில், போரால் அநாதைகளான பல நாட்டுப் பிள்ளைகளுக்காக பெஸ்டலோட்சி குழந்தைகள் கிராமம் 1946-இல் கட்டத் தொடங்கப்பட்டது. வால்ட்டர் ராபர்ட் கோர்ட்டி 1944-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் முன்வைத்த யோசனை அது. ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் தனி வீடு, அவர்கள் மொழி, அவர்கள் ஆசிரியர். 1960-இல் திபெத்திய அகதிப் பிள்ளைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

காலம் தவறிய கதை

இந்த நாவல் சினிமாவுக்கு ஏறத்தாழ பத்தாண்டு பிந்திப் பிறந்தது. போர் முடிந்த கையோடு இதே கருவைத் திரைப்படக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். 1948-இல் வெளிவந்த 'தி சர்ச்' படத்தில், தாயைத் தேடும் ஒரு செக் நாட்டுச் சிறுவனும் அவனைத் தேடும் தாயும் ஜெர்மனியின் இடிபாடுகளுக்கிடையே அலைகிறார்கள். ஃப்ரெட் சின்னமன் இயக்கிய அந்தப் படம் ஜெர்மானிய நகரங்களின் உண்மையான இடிபாடுகளில் எடுக்கப்பட்டது. அதில் நடித்த சிறுவன் இவான் யாண்ட்லுக்கு இளம் நடிகருக்கான சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. அதே ஆண்டில் ரோசலினி 'ஜெர்மனி, ஆண்டு பூஜ்யம்' படத்தில் பெர்லினின் சிதைவைக் காட்டினார். ஹங்கேரியில் கேஸா ராத்வானி, போரில் அநாதைகளான பிள்ளைகள் கூட்டமாக அலைவதைப் படமாக்கினார். அந்தப் படங்களுக்கு அரங்கம் போட வேண்டியதில்லை. ஊரே அரங்கமாகக் கிடந்தது.

1956-இல் செராலியரின் நூல் வந்தபோது வார்சாவின் பழைய நகரம் செங்கல் செங்கல்லாக மீண்டும் எழுந்திருந்தது. கட்டடங்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு அழிந்துபோன நகரம் அது. அதன் இடிபாட்டை மீண்டும் காட்ட வேண்டுமானால் கட்டித்தான் ஆக வேண்டும். 'தி பியானிஸ்ட்' (2002) எடுத்தபோது ரோமன் போலான்ஸ்கி, ஜெர்மனியின் யூட்டர்போக்கில் கைவிடப்பட்ட சோவியத் படைமுகாமை இடித்து, அதையே வார்சாவாகக் காட்டினார்.

அந்தக் காலத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இந்த அளவு செலவு கட்டுப்படியாகாது. 1957 தொடரில் யானாக நடித்த ஃப்ரேசர் ஹைன்ஸ் பிற்பாடு 'டாக்டர் ஹூ' தொடரின் ஜேமியாகப் பெயர் பெற்றார்.

தடைகள்

தாமதம் என்பதே தோல்வியாகாது. டேனிஷ் எழுத்தாளர் ஆன் ஹோல்ம் 1963-இல் எழுதிய 'ஐ ஆம் டேவிட்', முகாமிலிருந்து தப்பி ஐரோப்பாவின் குறுக்கே நடக்கும் சிறுவனின் கதை. வெள்ளி வாளுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அது படமாக நாற்பது ஆண்டுகள் ஆயின. மைக்கேல் மோர்பர்கோவின் 'வார் ஹார்ஸ்' (1982) முதலில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2007-இல் நேஷனல் தியேட்டர் ஆளுயரக் குதிரைப் பொம்மைகளோடு மேடையேற்றிய பிறகுதான் ஸ்பீல்பெர்க் 2011-இல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். மிஷெல் மகோரியனின் 'குட்நைட் மிஸ்டர் டாம்' (1981) பதினேழு ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சிப் படமானது.

வெள்ளி வாளுக்கு இருக்கும் நடைமுறைச் சிக்கல் வயது. கதையின் பெரும்பகுதி 1940-க்கும் 1945-க்கும் இடையே நடக்கிறது. தொடக்கத்தில் ப்ரோனியாவுக்கு மூன்று வயது. ரூத்துக்குப் பதின்மூன்று நிரம்பவில்லை. முடிவில் ஒருத்தி எட்டை நெருங்குகிறாள், மற்றவள் இளம்பெண். ஒரே முகங்களை வைத்து இதைக் காட்ட முடியாது. பாத்திரத்துக்கு இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் வார்சா ஆண்டுகளைச் சுருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி ஐந்து வயது நிரம்பாத குழந்தை நாளொன்றுக்கு 2 மணி நேரமும், ஒன்பது வயதுக்குக் குறைந்தவர் 3 மணி நேரமும், அதற்கு மேற்பட்ட பள்ளிப்பருவத்தினர் 5 மணி நேரமும்தான் நடிக்கலாம். பெரும்பாலான காட்சிகளைப் பிள்ளைகளே சுமக்கும் கதையில் இது படப்பிடிப்பு நாட்களைப் பல மடங்காக்கும்.

விலங்குகள் வேறு. சேவலும் நாயும் பழக்கக் கூடியவை. பெர்லினில் யான் நட்பாக்கிக்கொள்ளும் சிம்பன்சியை முன்பு உயிருள்ள விலங்கை வைத்து எடுத்திருப்பார்கள். இன்று கணினி வரைகலையில் செய்வதே முறை. அந்த அத்தியாயத்தைச் சிலர் சிறுவர்களுக்கான வேடிக்கை என்று ஒதுக்குவதுண்டு. ஆனால் போருக்கு முன் சுமார் 3,700 விலங்குகள் இருந்த பெர்லின் மிருகக்காட்சிசாலையில் முடிவில் மிஞ்சியவை 91. அவற்றுள் ஒரு சிம்பன்சியும் இருந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல், கதையில் விரட்டிவரும் வில்லன் இல்லாததுதான். முகாம் காவலர்கள் முதல் அத்தியாயங்களோடு போய்விடுகிறார்கள். பிறகு வருபவர்களில் பெரும்பாலானோர் நல்லவர்கள்: வார்சாவில் ஒரு ரஷ்யச் சிப்பாய், பெர்லினில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, தெற்கே ஒரு பவேரியக் குடியானவர். அந்தக் குடியானவரின் இரண்டு மகன்களும் ஜெர்மன் படையில் போரிட்டு மாண்டவர்கள். வார்சாவைத் தரைமட்டமாக்கிய படையினரின் பெற்றோர் வீட்டில், வார்சாவின் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நாவலின் உயிர் இந்தச் சமையலறைக் காட்சியில்தான் இருக்கிறது. விறுவிறுப்பு போதவில்லை என்று சொல்லி ஒரு துரத்தல்காரனைப் புகுத்தினால் படம் ஓடலாம். செராலியரின் கதை அங்கே இருக்காது.

நூலின் குறைகளையும் படமெடுப்பவர் நேர்மையாகச் சந்திக்க வேண்டியிருக்கும். 1940 நவம்பரில் வார்சாவின் யூதப்பகுதி சுவரால் அடைக்கப்பட்டு, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே திணிக்கப்பட்டார்கள். நாவலில் அதற்கு இடமில்லை என்றே சொல்லலாம். 1944-இல் 63 நாள் நீடித்த வார்சா எழுச்சியின்போது விஸ்துலா ஆற்றின் மறுகரையில் சோவியத் செம்படை கைகட்டி நின்றதைப் போலந்து மக்கள் மறக்கவில்லை. அன்பான ரஷ்யச் சிப்பாயை அவர்கள் முன் காட்ட எந்த இயக்குநருக்கும் நிதானம் தேவை. பாத்திரத்தை நீக்குவது தீர்வாகாது. அவரைச் சுற்றியுள்ள வரலாற்றைக் கூட்டுவதே வழி.

வாய்ப்பு

செராலியர் மறைந்து 70 ஆண்டுகள் முடியும்வரை, அதாவது 2064 இறுதிவரை, பிரிட்டிஷ் சட்டப்படி பதிப்புரிமை நீடிக்கும். அதுவரை உரிமைதாரர்களின் சம்மதமின்றி யாரும் தொட முடியாது. இந்தக் கதைக்கு இரண்டு மணி நேரப் படத்தைவிட ஆறு அல்லது எட்டுப் பகுதிகளாக வரும் தொடர் பொருத்தம். இணையத் திரைத்தளங்கள் அந்த வடிவத்துக்கு இன்று சினிமாவுக்கு நிகராகச் செலவிடுகின்றன. போலந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து தயாரித்து, பிள்ளைகள் போலிஷ் மொழியிலும் பவேரியக் குடும்பம் ஜெர்மன் மொழியிலும் பேசுவதாக எடுத்தால், ஆங்கில நூலில் தெரியாமல் போன ஒன்று தெரியவரும்: ஒருவர் பேச்சு மற்றவருக்கு முழுதாகப் புரியாமலேயே அவர்கள் ஒரே மேசையில் ரொட்டியைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது. யானாக நடிக்கக்கூடிய சிறுவனைக் கண்டுபிடிப்பதில்தான் எந்தத் தயாரிப்பும் முதலில் காலத்தைச் செலவிட வேண்டும். திருடுவான், பொய் சொல்வான், யாரையும் நம்பமாட்டான். ஆனாலும் பார்ப்பவர் அவன் பக்கம் நிற்க வேண்டும்.