ஆன்பீல்டுத் திடலும் அயல் வீடுகளும்

காற்பந்துக் கழகம் ஒன்று வளர்ந்து, அதன் ஆட்டத்தைக் காண வருவோர் திடலில் அடங்காத நிலை ஏற்படுமாயின், அக்கழகம் செய்யத்தக்கது யாது? இருக்கும் அரங்கை விரிப்பதா? வேறிடம் தேடிச் செல்வதா? உள்ளது போதும் என்று அமைவதா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது வெறும் பணக்கணக்காகவே தோன்றும். இத்தனை இருக்கை கூடினால் இத்தனை பவுன் வரும். கட்டடச் செலவு இத்தனை. ஆகவே கட்டலாம், அல்லது கட்ட வேண்டா என்று முடித்துவிடுவர். ஆனால், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள ஆன்பீல்டுத் திடலின் வரலாற்றைப் படிப்போர், அக்கணக்கில் எழுதப்படாத செலவுகள் இரண்டு உண்டென்பதைக் காண்பர். ஒன்று, உள்ளே நிற்பவரின் உயிர். மற்றொன்று, வெளியே குடியிருப்பவரின் வீடு.

பிளவிற் பிறந்த கழகம்

இன்று ஆன்பீல்டு என்றவுடன் லிவர்பூல் கழகமே நினைவுக்கு வரும். எனினும், அத்திடலில் முதலில் ஆடியது அக்கழகமன்று, எவர்ட்டன் கழகமே. 1884 ஆம் ஆண்டில் எவர்ட்டன் அங்குக் குடிபுகுந்தது. 1888 இல் இங்கிலாந்தில் காற்பந்து லீக் தோன்றியபோது அதன் தொடக்கக் கழகங்கள் பன்னிரண்டனுள் எவர்ட்டனும் ஒன்றாயிற்று. 1891 இல் லீக் பட்டத்தையும் வென்றது.

ஆட்டத்தின் புகழ் பெருகக் கூட்டம் பெருகிற்று. கூட்டம் பெருகவே வாடகையும் பெருகிற்று. திடலுக்கு உரியவரான ஜான் ஹோல்டிங் மதுவடிப்பாலை முதலாளி. கழகத்தின் தலைவரும் அவரே. சில ஆண்டுகளுக்குள் வாடகை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. உறுப்பினருட் பெரும்பாலோர் இதற்கு உடன்படவில்லை. 1892 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியேறி, ஸ்டான்லி பூங்காவுக்கு அப்பால் குடிசன் பார்க் என்னும் புதுத் திடலை அமைத்துக்கொண்டனர். ஆட்டக்காரர் இல்லாத வெறுந்திடல் கையில் எஞ்சவே, ஹோல்டிங் வேறொரு கழகத்தை நிறுவினார். அதுவே லிவர்பூல் காற்பந்துக் கழகம். தங்குவதா, நீங்குவதா என்னும் பூசலே அந்நகரின் இரு பெருங்கழகங்களையும் எதிரெதிரே நிறுத்தியது எனலாம்.

குன்றின் பெயர்

லிவர்பூல் கழகம் 1901 இலும் 1906 இலும் லீக் பட்டம் வென்றது. இரண்டாம் வெற்றியின் பின்னர், வந்து குவிந்த மக்கள் நிற்பதற்கென்று திடலின் ஒரு முனையில் மண்ணும் கரிக்கசடும் கொட்டிப் பெரிய மேடு ஒன்று எழுப்பப்பட்டது. மண்ணால் எழுப்பியதற்குக் காரணம் உண்டு. 1902 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் திடலில், மரச்சட்டங்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட படிகள் ஆட்டத்தின் நடுவே முறிந்து விழ, 25 பேர் மாண்டனர். அத்திடலை வரைந்த பொறியாளர் ஆர்ச்சிபால்டு லீச் என்பவரே 1906 இல் ஆன்பீல்டின் கட்டட வேலைகளுக்கும் பொறுப்பாயிருந்தார். கெட்டி நிலத்தின்மேல் படிகள் அமைப்பதே நலம் என்னும் பாடம் 25 உயிர்களின் விலையில் கற்கப்பட்டது.

புது மேட்டுக்கு 'ஸ்பியன் காப்' என்று பெயர் வழங்கியவர், உள்ளூர்ச் செய்தித்தாளின் விளையாட்டு ஆசிரியர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ். அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள ஒரு குன்றின் பெயர். 1900 ஆம் ஆண்டு சனவரியில் அங்கு நடந்த போரில் ஆங்கிலப் படை போயர் படையிடம் தோற்றது. மாண்டவருட் பலர் லிவர்பூல் நகரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய லங்காஷயரைச் சேர்ந்த படைவீரர்.

அக்குன்றோடு தமிழர்க்கும் தொடர்புண்டு. அப்போரில் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றவருள் காந்தியடிகள் திரட்டிய இந்திய மருத்துவத் தொண்டர் படையும் ஒன்று. ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அப்படையில் 300 பேரளவில் தவிர, எஞ்சியோர் அனைவரும் ஒப்பந்தத் தொழிலாளர். நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளருட் பெரும்பாலோரோ சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் ஆவர். ஆன்பீல்டின் மேட்டில் நின்று பாடுவோர் வாயில் வழங்கும் பெயர், தோட்டத் தொழிலாளர் தோளில் தூளி சுமந்து ஏறி இறங்கிய குன்றின் பெயரேயாகும்.

1928 இல் மேட்டுக்குக் கூரை வேயப்பட்டது. அங்கு மட்டும் 30,000 பேரளவில் நின்று ஆட்டம் கண்டனர். 1952 பிப்ரவரி 2 ஆம் நாள் வுல்வர்ஹாம்டன் கழகத்துடன் நடந்த கிண்ண ஆட்டத்திற்கு 61,905 பேர் வந்தனர். அத்திடலின் கூட்டத்திற்கு அதுவே உச்ச அளவு.

நின்றவர் அமர்ந்த கதை

பெருங்கூட்டம் கழகத்திற்குப் பெருமையாகலாம். ஆனால் நிற்கும் மேடுகளில் நெரிசல் என்றும் அச்சத்திற்குரியதாகவே இருந்துவந்தது. 1946 இல் போல்டன் நகரத் திடலில் 33 பேர் நசுங்கி மாண்டனர். 1971 இல் அதே ஐப்ராக்ஸ் திடலின் படிக்கட்டில் 66 பேர் மடிந்தனர். ஒவ்வொரு முறையும் விசாரணை நடந்தது. எனினும், முழுமையான மாற்றம் நிகழவில்லை.

1989 ஏப்ரல் 15 ஆம் நாள் ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ திடலில், லிவர்பூல் கழகத்திற்கும் நாட்டிங்காம் பாரஸ்ட் கழகத்திற்கும் கிண்ண அரையிறுதி ஆட்டம் நடந்தது. வாயிலில் நெருங்கிய கூட்டத்தைக் குறைக்கக் காவலர் ஒரு பெருங்கதவைத் திறந்துவிட்டனர். உள்ளே வந்தோரை வேறு பக்கம் திருப்பிவிட ஏற்பாடில்லை. அனைவரும் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக்கூண்டுகளுக்குள் சென்று சேர்ந்தனர். முன்னால் இரும்பு வேலி, பின்னால் கூட்டம். இறந்தோர் தொகை 97. அன்று பெற்ற காயத்தின் விளைவால் 2021 இல் இறந்தவரும் இதில் அடங்குவர். பழி நெடுங்காலம் ஆட்டம் காண வந்தோர்மீதே சுமத்தப்பட்டது. அவர்கள்மீது குற்றமில்லை என்றும், மாண்டோர் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும் விசாரணை நடுவர் குழு 2016 இல் தீர்ப்பளித்தது.

நீதிபதி டெய்லர் 1990 இல் அளித்த இறுதி அறிக்கையின் பயனாக, முதன்மைக் கழகங்களின் திடல்களில் அனைவர்க்கும் இருக்கை வேண்டும் என்பது விதியாயிற்று. ஸ்பியன் காப் மேட்டில் மக்கள் நின்று கண்ட கடைசி ஆட்டம் 1994 ஏப்ரல் 30 இல் நடைபெற்றது. அதன்பின் மேடு இடிக்கப்பட்டு, 12,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கு எழுந்தது. முன்னர் 30,000 பேர் நின்ற இடம் அது. உயிரைக் காத்ததால் இடம் சுருங்கிற்று. அரங்கை விரிக்கவேண்டும் என்னும் வேட்கை பின்னாளில் வலுத்ததற்கு இது முதற்காரணம்.

மற்றொரு காரணம் பணம். 1983 வரை, லீக் ஆட்டத்தில் வாயிற் காசின் ஒரு பங்கு, ஆட வந்த கழகத்திற்கும் சென்றது. அவ்வாண்டு முதல் வரவு முழுவதும் திடலுக்குரிய கழகத்திற்கே என்றாயிற்று. பெரிய திடல் உடையவன் மேலும் பெரியவனானான். அண்டை நகரமாகிய மான்செஸ்டரில் 70,000க்கு மேற்பட்டோர் அமரும் அரங்கு எழுந்தபோது, ஆன்பீல்டில் 45,000 பேரளவிலேயே அமர முடிந்தது. ஆண்டுச் சீட்டுக்குக் காத்திருந்தோர் பல்லாயிரவர்.

அயல் வீடுகள்

ஆன்பீல்டுத் திடலைச் சுற்றிலும் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள் நெருங்கியிருந்தன. அரங்கின் சுவருக்கும் வீட்டு வாயிலுக்கும் இடையே ஒரு தெருவின் அகலமே இருந்தது. ஆகவே, அரங்கு ஒரு முழம் வளர வேண்டுமாயினும் யாரேனும் ஒருவர் வீடு விலகவேண்டும்.

கெம்லின் சாலைப் பக்கத்து அரங்கை விரிக்கக் கருதிய கழகம், அச்சாலையின் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிற்று. முதிய சகோதரியர் இருவர் மட்டும் தம் வீட்டை விற்க மறுத்தனர். சுற்றியிருந்த வீடுகள் மறைந்தன. அவர்கள் வீடு நின்றது. செல்வமும் புகழும் மிக்க கழகம் ஆண்டுக்கணக்கில் அவ்வீட்டின்முன் காத்திருந்தது. 1990 இல் அவர்கள் இசைந்த பின்னரே வேலை தொடங்கி, 1992 இல் நூற்றாண்டு அரங்கு திறக்கப்பட்டது.

மறுபக்கத்தில் நடந்தது இத்துணை நேரியதன்று. பெரிய அரங்கின் பின்புறமுள்ள லோத்தேர் சாலையிலும் அதனை அடுத்த தெருக்களிலும் 1990களில் தொடங்கிக் கழகம் வீடுகளை வாங்கிற்று. விரிப்பது உறுதி என்று அறிவிக்கவும் இல்லை. விரிப்பதில்லை என்று கைவிடவும் இல்லை. வாங்கப்பட்ட வீடுகள் பல ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டின் அருகே குடியிருக்க எவர் விரும்புவர்? எஞ்சிய வீடுகளின் விலை விழுந்தது, தெரு பாழ்பட்டது. அப்பகுதி நலிந்ததற்குக் கழகம் மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. துறைமுகத் தொழில் குன்றியதும், 2002 இல் அரசு தொடங்கிய வீட்டுப் புதுப்பிப்புத் திட்டம் 2011 இல் இடையே நின்றதும் காரணங்களாம். எனினும், முடிவு சொல்லாமல் வீடு வாங்கியதன் தீங்கைத் தெருவில் எஞ்சியிருந்தோரே சுமந்தனர்.

செல்வதா, நிற்பதா?

2002 இல் கழகம் வேறு வழியை நாடிற்று. 1870 இல் மக்களுக்கெனத் திறக்கப்பட்ட ஸ்டான்லி பூங்காவின் ஒரு பகுதியில் 60,000 பேர் அமரும் புது அரங்கு கட்டுவதென்பது திட்டம். நகர மன்றம் இசைவளித்தது. 2007 இல் கழகத்தை வாங்கிய அமெரிக்கச் செல்வர் இருவர் புது வரைபடம் வரைந்தனர். மறு ஆண்டே உலகப் பணநெருக்கடி வந்தது. கடன் கொடுப்பார் இல்லை, கட்டடம் எழவில்லை, கழகமே கடனில் அமிழ்ந்தது. அகலக் கால் வைக்காதே என்னும் முதுமொழி லிவர்பூலிலும் பொய்க்கவில்லை. 2010 அக்டோபரில் கழகம் வேறொரு அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு 300 மில்லியன் பவுனுக்கு மாறிற்று. 2012 அக்டோபரில், ஆன்பீல்டிலேயே தங்கி அரங்கை விரிப்பதென்று முடிவு அறிவிக்கப்பட்டது.

இடம் பெயர்ந்த கழகங்களின் நிலையையும் நோக்குதல் தகும். லண்டனில் ஆர்சனல் கழகம் 38,000 பேர் அமர்ந்த ஹைபரியை விட்டு 2006 இல் 60,000 பேர் அமரும் புது அரங்கிற்குச் சென்றது. வரவு பெருகிற்று. ஆயினும், கட்டடக் கடன் அடைந்துவந்த காலத்தில், 2005 முதல் 2014 வரை, பெருங்கிண்ணம் ஒன்றும் கைக்கு வரவில்லை. எவர்ட்டன் கழகமோ, 133 ஆண்டு வாழ்ந்த குடிசன் பார்க்கை விட்டு 2025 இல் ஆற்றோரத்துப் பழைய கப்பல்துறை ஒன்றைத் தூர்த்து எழுந்த அரங்கிற்குச் சென்றது. அதற்கு முன்பே, 2021 இல், லிவர்பூல் துறைமுகப்பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலினின்று நீக்கப்பட்டதற்குச் சுட்டப்பட்ட காரணங்களுள் அவ்வரங்கும் ஒன்று. பெயர்ந்து செல்வதற்கும் விலை உண்டு.

எழுபத்தேழாம் நிமிடம்

லோத்தேர் சாலை வீடுகள் இடிக்கப்பட்டு, 2014 இறுதியில் வேலை தொடங்கிற்று. 8,000க்கு மேற்பட்ட இருக்கைகள் கூடிய பெரிய அரங்கு 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறப்பதற்கு முன்னரே வேறொரு பூசல் மூண்டது. புது அரங்கின் உயர்ந்த சீட்டுக்கு விலை 77 பவுன் என்று கழகம் அறிவித்தது. 2016 பிப்ரவரி 6 இல் சண்டர்லாந்துடன் நடந்த ஆட்டத்தின் 77 ஆவது நிமிடத்தில், ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் இரு கோல் முன்னணியில் இருந்தது. ஆட்டம் சமனில் முடிந்தது. சில நாட்களில் கழகம் வருத்தம் தெரிவித்து அவ்விலையைக் கைவிட்டது. அரங்கு விரிவது யாருக்காக என்னும் வினாவை அந்நாள் எழுப்பியது. இருக்கை கூடியும் பழைய மக்கள் உள்ளே வர இயலாதாயின், கூடியது கட்டடமேயன்றிக் கழகமன்று.

ஆன்பீல்டு சாலைப் பக்கத்து வேலை 2021 இல் தொடங்கிற்று. அரங்கிற்கு இடமளிக்கச் சாலையே வளைத்துவிடப்பட்டது. கட்டட நிறுவனம் 2023 இல் நொடித்ததால் காலம் தாழ்ந்து, 2024 இல் நிறைவுற்றது. இன்று அங்கு 61,000க்கு மேற்பட்டோர் அமரலாம்.

வரலாறு கூறும் விடை

1952 இல் 61,905 பேர் நெருக்கி நின்றனர். ஏறத்தாழ அதே தொகையினர் இன்று அச்சமின்றி அமர்கின்றனர். அந்த அளவை மீண்டும் எட்ட எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. ஆகவே, லிவர்பூல் கழகம் தன் அரங்கை விரித்தது தக்கதே எனலாம். பூங்கா தப்பிற்று; புதுக்கடனில் மூழ்கவில்லை; பழைய மண்ணும் பெயரும் நிலைத்தன. பிழை, விரித்ததில் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு முடிவு சொல்லாமல் அயலாரை ஐயத்தில் வைத்ததில் இருந்தது.

அரங்கை விரிக்க எண்ணும் எக்கழகமும் மூவரைக் கேட்டல் வேண்டும். உள்ளே வருவோர்க்குக் காவல் உண்டா? நெடுநாள் வந்தோர்க்குச் சீட்டு எட்டும் விலையில் உண்டா? வெளியே வாழ்வோர்க்கு உண்மையும் உரிய ஈடும் காலத்தே உண்டா? மூவரும் ஆம் எனின் கட்டுக. ஒருவர் இல்லை என்றாலும், அவர் குறை தீர்த்த பின்னரே கடைக்கால் தோண்டுக.