ஒரு வருஷ டாக்டர்கள்

திருநெல்வேலிக்காரர்களிடம் 'ஹைகிரவுண்ட்' என்று சொல்லிப் பாருங்கள். உடனே "யாருக்கு என்ன ஆச்சு?" என்பார்கள். அவர்களுக்கு ஹைகிரவுண்ட் என்றாலே பெரியாஸ்பத்திரி. 1965-ல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. பாபநாசம் அடிவாரத்தில் பாம்பு கடித்தாலும், சேரன்மகாதேவி பக்கம் பைக் கவிழ்ந்தாலும், அம்பாசமுத்திரத்தில் பிரசவம் சிக்கலானாலும் வேன் கடைசியில் வந்து நிற்கும் இடம்.

ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே போனால் முதலில் ஓடி வருபவர் பெரிய டாக்டர் அல்ல. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசுப் பையனோ பெண்ணோதான். ரத்தம் எடுப்பது, டிரிப்ஸ் ஏற்றுவது, கேஸ் ஷீட் எழுதுவது, ஆள் இல்லையென்றால் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது... எல்லாம் அவர்தான். எம்.பி.பி.எஸ். பாடங்களை முடித்துவிட்டு, ஒரு வருஷக் கட்டாயப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்!

"தம்பி, நீங்க தூங்கி எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று அவரிடம் நாம் யாராவது கேட்டிருக்கிறோமா? நாம் மட்டுமல்ல, உலகமே இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நூறு வருஷம் எடுத்துக்கொண்டது.

1889-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அறுவை சிகிச்சையில் பெரிய மேதையான வில்லியம் ஹால்ஸ்டெட் அங்கேதான் இளம் டாக்டர்களுக்கான பயிற்சி முறையை உருவாக்கினார். 'ரெசிடென்ட்' என்ற சொல்லை அப்படியே நம்பினார்கள். மருத்துவமனைதான் வீடு; ராப்பகல் அங்கேயே கிடந்து கற்றுக்கொள்ள வேண்டும். இதில் ஒரு விநோதம் உண்டு. கோகெய்னை மயக்க மருந்தாக்கும் சோதனைகளைத் தன் உடம்பிலேயே செய்து பார்த்து, அதற்கு அடிமையானவர் ஹால்ஸ்டெட். பிறகு மார்ஃபினும் சேர்ந்துகொண்டது. அப்படிப்பட்டவர் போட்ட முறையைத்தான் தூக்கத்தை நம்பி வாழும் சாதாரண மனிதர்கள் பின்பற்றினார்கள்!

எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1957-ல் நியூயார்க் பொது மருத்துவமனைகளின் பயிற்சி டாக்டர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1975 மார்ச்சில் நான்கு நாள் வேலைநிறுத்தமே செய்தார்கள். "ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி டியூட்டி போடாதீர்கள். எங்களுக்கும் நல்லதில்லை, நோயாளிக்கும் நல்லதில்லை" என்பதுதான் முக்கியமான கோரிக்கை. அரசாங்கம் அதைச் சட்டமாக்கவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து, 1984 மார்ச்சில், அதே நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற 18 வயது மாணவி காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார். சில மணி நேரத்தில் இறந்துபோனார். அன்று ராத்திரி அவரைப் பார்த்துக்கொண்டது இரண்டு பயிற்சி டாக்டர்கள். அதில் ஒருவர் கையில் சுமார் 40 நோயாளிகள். லிபியின் அப்பா சிட்னி ஸயன் ஒரு பத்திரிகையாளர், விடவில்லை. விசாரித்த ஜூரிகள் டாக்டர்கள் மீது கிரிமினல் குற்றம் சாட்டவில்லை. பயிற்சி முறையைத்தான் சாடினார்கள். 1989-ல் நியூயார்க் மாநிலம் விதி கொண்டுவந்தது: வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரே மூச்சில் 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 1889-லிருந்து 1989. சரியாக நூறு வருஷம்!

கவனித்தீர்களா? பயிற்சி டாக்டர்கள் 1975-லேயே சொன்னதுதான். அவர்கள் சொன்னபோது அது 'பசங்க ஸ்ட்ரைக்'. பத்திரிகைக்காரரின் மகள் செத்த பிறகு அது சட்டம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1992 ஜூன் 5-ந் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் பயிற்சி டாக்டர்களின் வேலை நேரம் பற்றி ஓர் உத்தரவு போட்டது. ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம், சுழற்சியில் ஒருநாள் விடுமுறை. படிக்கவே இனிக்கிறது. கூடவே, 'தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்' என்ற வாசலும் திறந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தேவை என்றைக்குத்தான் தீரும்?

2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் பட்டமேற்படிப்பு டாக்டர்களுக்கு 'நியாயமான வேலை நேரம்' என்று விதி எழுதியது. நான் பி.காம். படித்தவன். 'நியாயமான வட்டி' என்று மட்டும் எழுதிய கடன் பத்திரத்தில் யாராவது கையெழுத்துப் போடுவார்களா? 2024-ல் அதே ஆணையம் அமைத்த பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரம்தான் உச்சவரம்பு என்று எண்ணைச் சொன்னது. அது பரிந்துரைதான்.

இளம் டாக்டர்கள் வாயைத் திறந்தால் காரியம் நடக்காது என்றும் சொல்லிவிட முடியாது. 2007-ல் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, எம்.பி.பி.எஸ். பட்டம் வாங்கும் முன் கூடுதலாக ஒரு வருஷம் கிராமத்தில் கட்டாய சேவை என்ற திட்டம் வந்தது. ஐந்தரை வருஷப் படிப்பு ஆறரை ஆகிவிடும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அந்த ஆகஸ்டில் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள், சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். "கிராமத்துக்குப் போகமாட்டேன் என்கிற பணக்காரப் பிள்ளைகள்" என்று திட்டியவர்கள் உண்டு. மாணவர்களின் கேள்வியோ வேறு: "நிரந்தர டாக்டரைப் போடாமல், வருஷத்துக்கு ஓர் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் கிராமத்துக்கு என்ன லாபம்?" மாஞ்சோலை, களக்காடு பக்கம் டாக்டருக்காகக் காத்திருந்தவர்களுக்கும் இந்தக் கேள்வி முக்கியமானதுதானே! சாம்பசிவ ராவ் தலைமையில் குழு போட்டார்கள். திட்டம் சட்டமாகவில்லை.

ஆனால் ஒரு திட்டத்தை நிறுத்துவது வேறு. தினசரிப் பயிற்சியைச் சீராக்குவது வேறு. இரண்டாவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? சோம்பேறித்தனம், பயம், சீனியாரிட்டி என்று காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிவது ஒரு கணக்குப் பிரச்னை.

ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷ ஆள். முதல் சில மாதங்கள் எந்த வார்டு எங்கே இருக்கிறது, எந்த ஃபாரத்தை எங்கே கொடுப்பது என்று கற்றுக்கொள்வதிலேயே போய்விடும். அப்புறம்தான், 'நாம் வைத்தியம் கற்றுக்கொள்கிறோமா, ரத்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடிக்கொண்டிருக்கிறோமா' என்ற சந்தேகம் வரும். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மேலிடத்தில் பேசலாம் என்று நினைக்கும்போது வருஷம் முடிந்துவிடும். கையெழுத்துப் போட வேண்டிய பெரியவர்களைப் பகைத்துக்கொள்ளவும் மனசு வராது. அடுத்த பேட்ச் வரும். அவர்களுக்கு ஓபனிங் பேலன்ஸ் மறுபடி பூஜ்யம்! தாமிரபரணியில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், படித்துறை அப்படியே இருக்கும் என்பதுபோல, ஆட்கள் போய்விடுகிறார்கள். குறைகள் மட்டும் அதே இடத்தில்.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் ஒரு பயிற்சிப் பெண் டாக்டர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட கொடுமை நினைவிருக்கும். நீண்ட டியூட்டிக்கு நடுவே கொஞ்சம் ஓய்வெடுக்கப் போன இடத்தில் நடந்தது அது. உச்ச நீதிமன்றமே 36 மணி நேர டியூட்டியைப் பற்றிக் கவலை தெரிவித்தது. அந்த அக்டோபரில் உண்ணாவிரதம் இருந்த ஜூனியர் டாக்டர்களின் பத்துக் கோரிக்கைகளில் நீதி, பாதுகாப்பு, ஓய்வறை எல்லாம் இருந்தன. அதிகம் கவனிக்கப்படாத ஒன்றும் இருந்தது: கல்லூரிதோறும் அமைக்கப்படும் குழுவில் ஜூனியர் டாக்டர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக்கு இடம்.

எனக்கு அதுதான் பத்திலும் பெரிய கோரிக்கையாகத் தெரிகிறது. ஆள் மாறலாம், நாற்காலி மாறாது. போகிற பிரதிநிதி தன் குறிப்பு நோட்டை வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். போன வருஷம் என்ன கேட்டோம், நிர்வாகம் என்ன பதில் சொன்னது, எது பாக்கி என்பது அதில் இருக்கும். சின்ன மளிகைக்கடையில்கூட பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய் எழுதுகிறார்கள்.

ஹைகிரவுண்டில் இப்போது ஆண்டுக்கு 250 எம்.பி.பி.எஸ். இடங்கள். பயிற்சி முடித்து வெளியே போகிற ஒவ்வொருவரும் நாளைக்கு ஏதோ ஓர் ஊரில் உங்களுக்கோ எனக்கோ நாடி பிடித்துப் பார்க்கப் போகிறவர்கள். அவர்கள் எவ்வளவு கற்றுக்கொண்டு போகிறார்கள் என்பது அவர்கள் பிரச்னை மட்டும்தானா, சொல்லுங்கள்!