வேகம் = அதிர்வெண் × அலைநீளம்: ஓர் உரை

பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த சமன்பாடுதான். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இந்த மூன்றில் எது மாறும், எது மாறாது என்பதில்தான் நிறத்தின் சங்கதி அடங்கியிருக்கிறது.

'வேகம்': ஊடகத்துக்கு ஊடகம் மாறுவது. வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ.; தண்ணீரில் 2.25 லட்சம். தண்ணீரில் ஒளி மெதுவாகவே போகிறது என்பதை 1850-இல் பாரீஸில் ஃபூக்கோ சோதனை செய்து காட்டினார்.

'அதிர்வெண்': இதுதான் உயிர்நாடி. ஒளி பிறக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுவது. ஹீலியம்-நியான் லேசரின் சிவப்புக் கதிரில் நொடிக்குச் சுமார் 474 லட்சம் கோடி அதிர்வுகள். தண்ணீருக்குள் நுழையும் கதிரிலும் அதே எண்ணிக்கைதான். எல்லையில் அலைகள் தேங்கவும் வழியில்லை, புதிதாய் முளைக்கவும் வழியில்லை. தண்ணீரின் எலக்ட்ரான்களும் வந்த அலையின் தாளத்துக்கே ஆடுகின்றன. 1928-இல் கொல்கத்தாவில் சி. வி. ராமன் கண்டது வேறு: சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, மூலக்கூறோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி, அதிர்வெண் மாறி வருகிறது. அது சிதறலுக்கு உரியது. விலகலில் அதிர்வெண் மாறாது.

'அலைநீளம்': வேகம் குறைந்து அதிர்வெண் அப்படியே நின்றால், இது சுருங்கித்தான் ஆக வேண்டும். காற்றில் 633 நானோமீட்டராக இருந்த அதே லேசர் தண்ணீரில் சுமார் 475. நிற அட்டவணையில் 475-க்கு நேரே நீலம் என்றிருக்கும். மீன்தொட்டித் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டுக் கதிரைப் பாய்ச்சி, பக்கவாட்டில் நின்று பாருங்கள், சிவப்பாகவே போகும். வைரத்துக்குள் இன்னும் சுருங்கிச் சுமார் 262. அட்டவணைப்படி அது புறஊதா! ஆனாலும் வைரம் கடந்து வரும் கதிர் சிவப்பே.

தொட்டியைவிட்டுக் காற்றுக்கு வந்தபின் பார்ப்பதால்தானே சிவப்பு என்று கேட்கலாம். அப்படியல்ல. ஒளி எங்கிருந்து வந்தாலும், கண்ணுக்குள் நிறைந்திருக்கும் தெளிந்த கூழைக் கடந்தே விழித்திரையை அடைகிறது. அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய தண்ணீருடையதுதான். ஆக, காற்றில் நாம் காணும் சிவப்பும் விழித்திரையைத் தொடும்போது 475-ஐ ஒட்டியே இருக்கிறது. விழித்திரையின் நிறமி ஏற்பது ஃபோட்டானின் ஆற்றலை. அந்த ஆற்றலைத் தீர்மானிப்பது அதிர்வெண்.

அட்டவணையில் உள்ளவை வெற்றிடத்து அலைநீளங்கள். பாடநூல் எழுதுவோர் தலைப்பில் 'வெற்றிடத்தில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அச்சிட வேண்டும். அது வரும்வரை, ஆசிரியர்களே, கரும்பலகையில் நீங்கள் சேர்த்து எழுதுங்கள்.