பால்வாடியும் எல்.கே.ஜி.யும்: ஒரே பெயரின் இரண்டு வரலாறுகள்

1

என் மகளுக்கு மூன்றரை வயதானபோது எல்.கே.ஜி. சேர்க்கைக்காக ஒரு பள்ளிக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஆப்பிள் படத்தைக் காட்டி, 'வாட் இஸ் திஸ்?' என்றார். 'பழம்' என்றாள் அவள். அத்தோடு அவள் முடிந்துபோனாள். பிறகு கேள்விகள் எங்கள் பக்கம் திரும்பின. 'அம்மா என்ன படிச்சிருக்காங்க? வீட்ல இங்கிலீஷ் பேசுவீங்களா? சொந்த வீடா?' இடம் கிடைக்கவில்லை. தெருக்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னார்: 'சார், கேட்டதும் குடுத்துட்டா அது நல்ல ஸ்கூலே இல்ல.'

இந்த வாக்கியம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. கிடைக்காதது நல்லது, நல்லது என்பதால் கிடைக்காது. தரம் என்பதற்கு இதைத் தவிர வேறு சான்றே தேவைப்படாத ஒரு பொதுப்புத்தி எப்படிக் கட்டமைக்கப்பட்டது? இதற்கு விடை பள்ளிக்குள் இல்லை. வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது.

2

பெயரிலிருந்து தொடங்கலாம். எல்.கே.ஜி. என்பதில் 'கே.ஜி.' கிண்டர்கார்டன். ஜெர்மனியில் ஃப்ரோபெல் தான் நடத்திய சிறுவர் பள்ளிக்கு 1840இல் வைத்த பெயர் அது. குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். நம் ஊரில் அங்கன்வாடியைப் 'பால்வாடி' என்கிறோம். அங்கே பால் கொடுப்பதால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். 'பால்' என்றால் குழந்தை, 'வாடி' என்றால் தோட்டம். இரண்டும் ஒரே சொல்தான். ஒரு தோட்டத்துக்கு விண்ணப்பம் வாங்க முந்தின ராத்திரியே வந்து வரிசையில் படுக்கிறார்கள். இன்னொன்றுக்கு, 'வேற வழியில்லாதவங்க அனுப்புவாங்க' என்கிறார்கள்.

இந்தப் பிளவு தொடக்கத்தில் இல்லை. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று தன் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் குழந்தைகள் கட்டடத்தைப் பாழாக்கிவிடக் கூடாதே என்பது கட்டட நிறுவனத்தின் கவலை. அங்கே நேர்முகம் இல்லை. அந்தக் குடியிருப்பில் இருப்பதே தகுதி. இன்று மாண்டிசோரி என்ற பெயர் எந்த மாதிரிக் கட்டடங்களின் வாசலில் தொங்குகிறது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தினார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. ஆனால் அவருடைய முறை இங்கே வேர்பிடித்த இன்னொரு கதை அதற்கும் முந்தியது. குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா 1920இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இன்னொரு பெண்ணுடன் 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். பால்வாடி தொடங்கியும் ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் வரவில்லை. அவர் பிள்ளைகளைக் குறைசொல்லவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே போனார். விலையுயர்ந்த மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதை. அங்கண் என்றால் முற்றம். அங்கன்வாடி பிறந்தது இப்படித்தான். 1957இல் இந்த வேலை கோஸ்பாடின் ஆதிவாசிகளிடையே தொடர்ந்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

ஆக, முன்பருவக் கல்வியின் முக்கியமான சோதனைகள் பலவும் யாரையும் பொறுக்கி எடுக்காத இடங்களில் நடந்தவை. பள்ளி குழந்தையைத் தேடிப்போனது. எல்.கே.ஜி. வாசல் இந்த உறவைத் தலைகீழாக்குகிறது.

3

நம்முடைய பழைய திண்ணைப் பள்ளிக்கும் நுழைவுத் தேர்வு கிடையாதுதான். ஆனால் தலித் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையே கிடையாது. வடிகட்டல் வாசலுக்கு முன்பே, தெருவிலேயே முடிந்துவிடும். அந்தப் பழைய வடிகட்டலுக்கும் 'அம்மா என்ன படிச்சிருக்காங்க?' என்ற கேள்விக்கும் தூரம் அதிகமில்லை. சாதி என்று சொல்லாமல், 'ஃபேமிலி பேக்கிரவுண்ட்' என்கிறார்கள்.

இதன் இயக்கம் எளியது. ஏற்கெனவே எழுத்து தெரிந்த, வீட்டில் புத்தகம் உள்ள, டியூஷனுக்கு வசதியுள்ள குழந்தைகளை வாசலிலேயே எடுத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்து அவர்கள் மார்க்கைப் பள்ளியின் சாதனையாகப் பலகையில் எழுதுவது. பள்ளி என்ன சேர்த்தது என்று யாரும் கேட்பதில்லை. வரிசையின் நீளம் காட்டுவது இடப் பற்றாக்குறையையும் நம் பயத்தையும்தான். உள்ளே ஒரு டீச்சருக்கு எத்தனை குழந்தைகள், யார் அவர்களோடு பேசுகிறார்கள், விளையாட நேரமுண்டா, அழுதால் தூக்குவார்களா, வீட்டு மொழியில் பேசினால் அடிப்பார்களா என்பதை அது காட்டாது.

யஷ்பால் குழு 1993லேயே மழலை வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வையும் நேர்முகத்தையும் ஒழிக்கச் சொன்னது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வடிகட்டலையும் நன்கொடையையும் தடைசெய்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. மூன்று வயதுக் குழந்தை சட்டத்தின் விளிம்பில் நிற்கிறது.

4

பால்வாடியைப் புனிதப்படுத்துவதல்ல என் நோக்கம். ஒரே பணியாளர் சத்துமாவும் கொடுத்து, எடையும் பார்த்து, பதிவேடும் எழுதி, மிச்ச நேரத்தில் பாட்டும் சொல்லித்தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அரசுக்கும் அங்கே இருப்பவை முதலில் வயிறுகள், பிறகுதான் குழந்தைகள். தமிழக அரசு 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. 2022இல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. அந்த எதிர்ப்பில் நம்மைப் போன்ற எழுதுகிறவர்களின் குரல் எவ்வளவு இருந்தது? நம் பிள்ளைகள் அங்கே இல்லை.

என் மகளைக் கடைசியில் சேர்த்தது வேறொரு தனியார் பள்ளியில். தாய்மொழிக் கல்வி பற்றி மேடையில் பேசுகிறவன்தான் நான். பக்கத்துத் தெருப் பால்வாடிக்கும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். டீச்சர், 'உள்ள வாங்க சார், எந்தப் பிள்ளையச் சேக்கணும்?' என்றார். பெயரையும் வயதையும் தவிர வேறு எதையும் அவர் கேட்கவில்லை. 'சும்மா பாக்க வந்தேன்' என்றேன்.