தெருப்பூனைகளும் நிறுத்திவைத்த கார்களும்

வளர்ப்பவர் யாருமின்றித் தெருக்களிலும் பூட்டிய வீடுகளிலும் வாழும் பூனைகள், நிறுத்திவைத்த கார்களின் மேல் ஏறிப் படுப்பதும், இருசக்கர வண்டிகளின் இருக்கையைப் பிறாண்டிக் கிழிப்பதும், பானெட்டுக்குக் கீழே உள்ள என்ஜின் அறைக்குள் புகுந்து ஒளிவதும் குடியிருப்புகளில் பரவலாகக் காணப்படும் தொல்லைகளாகும். பூனை எதை நாடி வண்டிக்கு வருகிறது என்பதை அறிந்து அந்தக் காரணத்தை நீக்குவதே பயன் தரும் வழி. பூனையைத் துன்புறுத்தும் முறைகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்பதோடு, பெரும்பாலும் பலனற்றவையும் ஆகும்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், கற்பக விநாயகரின் குடைவரைக் கோயிலைச் சுற்றி அமைந்த பிள்ளையார்பட்டியும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் இத்தொல்லைக்கு ஏற்ற சூழலைக் கொண்டவை. வழிபட வருவோரின் வண்டிகள் சில மணி நேரமே நிற்பதால் அவற்றுக்குப் பாதிப்பு குறைவு. இரவு முழுவதும், சில வேளைகளில் பல நாட்கள், ஒரே இடத்தில் நிற்கும் வண்டிகளே பூனைகளுக்கு இடமாகின்றன. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்) வீடுகளில் பல, கார் பரவலாவதற்கு முன் கட்டப்பட்டதால் வண்டி நிறுத்த இடமில்லாதவை; உரிமையாளர்கள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழ்வதால் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. வானம் பார்த்த வளவு முற்றத்தின் வழியாகவும் ஓட்டுக்கூரைகளின் மேலாகவும் உள்ளே இறங்கும் பூனைகள் அங்கே இடையூறின்றிக் குட்டி ஈனுகின்றன. திருமணம், முன்னோருக்கான படைப்பு, ஆவணிச் சதுர்த்தி என உறவினர் கூடும் நாட்களில் கார்கள் தெருவில் வரிசையாக நிற்க, பின்கட்டில் எறியப்படும் சாப்பாட்டு இலைகள் பூனைகளையும் அதே தெருவுக்கு அழைத்துவருகின்றன.

பூனையின் உடல், தன் வெப்பத்தைக் காக்கக் கூடுதல் ஆற்றல் செலவிடாமல் இருக்கும் சுற்றுப்புற வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் ஆகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் மார்கழி, தை மாதங்களின் பின்னிரவிலும் வெப்பம் இதற்கு வெகுவாகக் கீழே இறங்குவதால், அப்போதுதான் ஓடி நின்ற காரின் பானெட் பூனைக்கு உகந்த படுக்கையாகிறது. குளிர்நாடுகளில் எழுதப்படும் அறிவுரைகள் இந்த ஒரு காரணத்தையே முதன்மைப்படுத்துகின்றன. செட்டிநாட்டின் கோடையிலோ பூனை நிழலுக்காக வண்டியின் அடியிலும், காற்றுக்காகவும் நாய்களிடமிருந்து தப்பவும் வண்டியின் கூரையிலும் இடம் தேடுகிறது. எனவே ஒரே வீட்டு வாசலில்கூட மழைக்காலத்துக்குப் பொருந்தும் தீர்வு சித்திரையில் பொருந்தாமல் போகலாம்.

காரின் வெளிவண்ணத்துக்கு மேலே நிறமற்ற ஒரு பாதுகாப்புப் பூச்சு உண்டு. அதன் தடிமன் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான் வரையே இருக்கும் (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நடக்கும்போது பூனை நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் வெறும் காலடி பூச்சைக் கீறுவதில்லை. வழுக்கும்போதும் தாவும்போதும் நகங்கள் வெளிப்பட்டுக் கோடு விழுகிறது. இப்பகுதியின் செம்மண் புழுதியில் பதிந்த காலடிகளைக் கண்டு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பவர்கள், அந்தப் புழுதியின் மணலாலேயே பூனை செய்ததைவிட மிகுதியான கீறல்களை உண்டாக்கிவிடுகின்றனர் என்பது இங்கு வலியுறுத்திச் சொல்லத் தக்கது. முதலில் நீர் ஊற்றிப் புழுதியைக் கரைத்துவிட வேண்டும். ஆண்பூனை எல்லை குறிக்கப் பீய்ச்சும் சிறுநீர் வெயிலில் காய்ந்தால் பூச்சில் கறை படியும் என்பதால் அதை உடனே கழுவுவது நல்லது. இருசக்கர வண்டியின் இருக்கையைப் பிறாண்டுவது, நகத்தின் பழைய உறையைக் கழற்றவும் விரலிடைச் சுரப்பிகளின் மணத்தைப் பதிக்கவும் பூனை செய்யும் இயல்பான செயலாகையால், அருகிலேயே சாக்கு சுற்றிய கட்டை ஒன்றை நட்டுவைத்து இருக்கையைத் தடித்த உறையால் மூடினால் சேதம் குறையும்.

கதவுள்ள கொட்டகையே முழுமையான காப்பு. அது இயலாதபோது, உட்புறம் மென்துணி தைத்த, வண்டிக்கு அளவான உறையை, கழுவிய வண்டியின் மேல் காற்றில் படபடக்காதவாறு இழுத்துக் கட்ட வேண்டும். சாப்பாட்டு இலைகளை மூடிய தொட்டியில் இடுவதும் எலிவளைகளை அடைப்பதும் உறையைவிட நீடித்த பலன் தருபவை. ஒயர்களைக் கடிக்கும் எலிகள் என்ஜின் அறையில் குடியிருப்பதாலேயே பூனை அந்தக் காரைச் சுற்றுவதும் உண்டு.

சொட்டுநீலம் கலந்த தண்ணீர்ப் பாட்டில்களை வாசலில் வைத்தால் நாயும் பூனையும் அணுகா என்ற நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை. மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியை எழுப்பும் கருவிகளின் நிலை வேறு: பூனையின் செவி ஏறத்தாழ 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் திறனுடையது. 2006இல் பிரிட்டனிலும் 2018இல் ஆஸ்திரேலியாவிலும் வெளியான ஆய்வுகள், இக்கருவிகள் தோட்டங்களில் பூனைகளின் வருகையைக் குறைத்ததையும் முற்றாக நிறுத்தாததையும் காட்டின.

பாச்சை உருண்டை, பினாயில், மிளகாய்ப்பொடி ஆகியவற்றைத் தூவும் வழக்கம் அடியோடு கைவிடப்பட வேண்டியது. பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. பீனால் வகைப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கித் தூய்மை செய்யும் விலங்கு என்பதால், தரையில் இட்டது எதுவும் அதன் வயிற்றுக்குள் சென்றுவிடும். இதே வழியில், காரிலிருந்து ஒழுகும் கூலண்ட் திரவத்திலுள்ள எத்திலீன் கிளைக்காலும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. நீர் கலவாத நிலையில் ஒரு தேக்கரண்டி அளவே 3 கிலோ எடையுள்ள பூனையைக் கொல்லப் போதும். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, பூனைக்கும் பொருந்தும். வேண்டுமென்றே நஞ்சிட்டுக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும்.

என்ஜின் அறையில் உறங்கும் பூனை, வண்டியைக் கிளப்பும்போது விசிறியிலோ பெல்ட்டிலோ சிக்கி உறுப்பிழக்கவும் இறக்கவும் நேரிடுகிறது. ஜப்பானில் நிசான் நிறுவனம், கிளப்புமுன் பானெட்டைக் கையால் தட்டிப் பூனையை எழுப்புமாறு 2014 முதல் ஓட்டுநர்களிடம் பரப்புரை செய்தது. மழைக்கால விடியலில் செட்டிநாட்டுத் தெருக்களிலும் கடைப்பிடிக்கத் தக்க, செலவே இல்லாத பழக்கம் இது. குட்டிகள் சத்தத்துக்கு அஞ்சி மேலும் உள்ளே பதுங்கக்கூடும் என்பதால், முனகல் கேட்டால் பானெட்டைத் திறந்து பார்ப்பது இன்றியமையாதது.

ஒன்பது வாரச் சினைக்காலமும் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஈற்றும் உடைய பூனைகளை வேறிடத்தில் கொண்டுபோய் விடுவதால் எண்ணிக்கை குறைவதில்லை. உணவு இருக்கும் இடத்துக்கு வேறு பூனைகள் வந்துசேரும். பிடித்து, கருத்தடை அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே விடும் முறையில் ஈற்று நிற்பதோடு ஆண்பூனைகளின் சிறுநீர்ப் பீய்ச்சலும் சண்டையும் பெருமளவு குறைகின்றன. அறுவை முடிந்ததற்கு அடையாளமாகக் காதின் நுனியைச் சிறிதளவு வெட்டிவிடுவது வழக்கம். இவ்வாறு பிடிக்கும்போதோ வண்டியிலிருந்து எடுக்கும்போதோ பூனை கடித்தால் அல்லது பிறாண்டினால், வெறிநோய் அபாயம் கருதிக் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.